புதுச்சேரியில் முதல் ரீஃப் டேங்க்: காசை எங்கே போடுவது, எங்கே பொறுப்பது

"கடல்தான் கூப்பிடு தூரத்துல இருக்கே சார், நாலு குடம் மொண்டு ஊத்தினா ஆகாதா?"

புதுச்சேரியிலோ கடலூரிலோ கடல் மீன் தொட்டி வைக்கப்போகிறேன் என்று சொன்னதும் வரும் முதல் கேள்வி இதுதான். கேள்வி நியாயமானதுதான். ஆனால் பதில் 'ஆகாது' என்பதே. காரணத்தைத் தண்ணீர் பற்றிப் பேசும்போது சொல்கிறேன். அதைவிட முக்கியமாக ஒன்று: பக்கத்தில் கடல் இருப்பதால் நமக்கு எந்தச் சலுகையும் கிடையாது. நான் பார்த்தவரை இந்த ஊர்களில் ரீஃப் டேங்க், அதாவது மீனோடு பவளமும் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டி, படுத்துவிடுவது இரண்டு விஷயங்களால்தான். ஒன்று சூடு, இன்னொன்று கரண்டு. மீன் நோய், பவள நோய் எல்லாம் அதற்கப்புறம்.

அதனால் காசு போகிற வரிசையும் அப்படித்தான் இருக்க வேண்டும். தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர், தண்ணீரைச் சுத்தமாக்கும் ஆர்ஓ, கரண்டு போனால் கைகொடுக்கும் பேட்டரி முதலில். லைட் அடுத்து. மீன் கடைசி. கடைக்குப் போனால் இந்த வரிசை தலைகீழாகிவிடும். ஆரஞ்சு வெள்ளைக் கோமாளி மீன் கண்ணாடிக்குப் பின்னால் நெளிந்துகொண்டிருக்கும்போது சில்லரைப் பற்றி யார் யோசிப்பார்கள்? மொத்தச் செலவு ஒரு லட்ச ரூபாயைத் தொடும் என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அவ்வளவு முடியாதென்றால் நன்னீர்ச் செடித் தொட்டி வையுங்கள், அதுவும் அழகுதான். பாதிக் காசில் பாதி ரீஃப் என்று ஒன்று கிடையாது.

தொடங்க நல்ல மாதம் ஜனவரி. புயல் பருவம் முடிந்திருக்கும். தொட்டி பழக ஒன்றரை மாதம் ஆகும். மார்ச்சில் வெயில் ஏறும்போது சில்லரைச் சோதித்துப் பார்த்திருப்பீர்கள். கத்திரி வெயில் வரும்போது உள்ளே சில மீன்கள்தான் இருக்கும், தவறு நடந்தாலும் நட்டம் குறைவு.

தொட்டியும் இடமும்

சின்னத் தொட்டி சுலபம் என்று தோன்றும். கடல்நீரில் அது நேர்மாறு. 30 லிட்டரில் ஒரு நத்தை செத்துக் கிடந்தால் மறுநாளே அம்மோனியா ஏறிவிடும். 150 லிட்டரில் அதைக் கண்டுபிடித்து எடுக்க அவகாசம் உண்டு. அதற்காக ஐந்தடி, ஆறடி என்று போனால் சில்லரும் உப்பும் கையைக் கடிக்கும். முதல் தொட்டிக்கு 90 செ.மீ. நீளம், 45 அகலம், 45 உயரம் போதும். கணக்குப்படி 182 லிட்டர் பிடிக்கும்; மேலே விளிம்பு விட்டு, கல்லும் மணலும் போட்டபின் சுமார் 150 லிட்டர் தண்ணீர் நிற்கும். இனி சொல்லும் அளவெல்லாம் இந்த 150 லிட்டருக்குத்தான்.

கண்ணாடி 10 மி.மீ. இருக்கட்டும். கீழே சம்ப் வைப்பது நல்லது. அதாவது ஸ்டாண்டுக்குள் இன்னொரு சின்னத் தொட்டி. மேல்தொட்டியின் தண்ணீர் குழாய் வழியே அதில் இறங்கி, பம்ப் வழியே திரும்ப மேலே ஏறும். கழிவை நுரையாக்கிப் பிரிக்கும் ஸ்கிம்மர், சில்லருக்குப் போகும் குழாய், தெர்மாமீட்டர் எல்லாம் சம்பில் ஒளிந்துகொள்ளும்.

எடையைக் கணக்குப் போடாமல் இடம் பார்க்காதீர்கள். நிரம்பிய தொட்டி, கல், மணல், சம்ப், ஸ்டாண்டு எல்லாம் சேர்ந்து 350 கிலோ அளவுக்கு வரும். தரைத்தளம் என்றால் கவலையில்லை. கான்கிரீட் மாடி என்றால் சுவரை ஒட்டி, பீம் போகிற பக்கமாக வையுங்கள். புதுச்சேரியின் பழைய வீடுகளில் தேக்கு விட்டம் போட்ட மெட்ராஸ் டெரஸ் மாடி இருந்தால், அங்கே வேண்டவே வேண்டாம்.

ஜன்னல் வெயில் படும் இடமும் கூடாது. பாசியும் சூடும் சேர்ந்து வரும். இரும்பு ஸ்டாண்டு என்றால் பெயிண்ட் இரண்டு கோட் கூடவே அடிக்கச் சொல்லுங்கள். உப்புத் தெறிப்பு பட்ட வெல்டிங் மூட்டுதான் முதலில் துருப்பிடிக்கும். ஸ்டாண்டை வைத்ததும் கொத்தனார் வைத்திருக்கும் ரசமட்டத்தை நீளவாக்கிலும் குறுக்குவாக்கிலும் வைத்துப் பாருங்கள். தொட்டிக்கு அடியில் தெர்மாகோல் ஷீட் ஒன்று. பிறகு குழாய்த் தண்ணீரை நிரப்பி இரண்டு நாள் அப்படியே விட்டு, மூலைகளில் டிஷ்யூ பேப்பரை ஒற்றிப் பாருங்கள். கசிவு இருந்தால் இப்போதே தெரிந்துவிடும்.

அந்தக் குழாய்த் தண்ணீர் உள்ளே இருக்கும்போதே இன்னொரு சோதனையும் செய்துவிடுங்கள். பம்பை ஓடவிட்டு, சட்டென்று சுவிட்சை அணையுங்கள். மேலே திரும்பும் குழாயின் வாய் தண்ணீருக்குள் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறதோ அந்த மட்டம் வரை தண்ணீர் பின்னோக்கி உறிஞ்சப்பட்டுச் சம்பில் இறங்கும். இந்தத் தொட்டியில் ஒரு செ.மீ. உயரம் என்பது 4 லிட்டர். மட்டம் 3 செ.மீ. இறங்கினால் 12 லிட்டர். சம்பில் அதற்கு இடமில்லை என்றால் ஒவ்வொரு கரண்டு கட்டுக்கும் கூடம் நனையும். குழாயின் வாயைத் தண்ணீர் மட்டத்துக்குச் சற்றுக் கீழே கொண்டுவந்து, மட்டத்தை ஒட்டிச் சின்னத் துளை ஒன்று போட்டால் காற்று நுழைந்து உறிஞ்சல் நின்றுவிடும். நான்-ரிட்டர்ன் வால்வை மட்டும் நம்பாதீர்கள். அதில் ஒரு நத்தை உட்கார்ந்தாலே மூடாது.

தண்ணீரும் உப்பும்

சரி, கடல் தண்ணீர். நம் கரையில் பவளத்திட்டு கிடையாது. ஆறுகள் கொட்டும் மணற்கரை. கடலூரில் தென்பெண்ணையும் கெடிலமும், புதுச்சேரியில் அரியாங்குப்பம் ஆறும் கடலில் சேர்கின்றன. கோடையில் கடல்நீரின் உப்பு நன்றாகவே இருக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஆற்றுநீர் கலந்து, கரையோரத்தில் உப்பு ஆயிரத்துக்கு 30 பங்குக்கும் கீழே போகும். நமக்குத் தேவை 35. துறைமுகப் பக்கம் போனால் டீசல் மினுக்கு, முகத்துவாரத்தில் சாக்கடை. மரக்காணம் பக்கம் இறால் ஹேச்சரி நடத்துகிறவர்கள் கடல்நீரைத்தான் பயன்படுத்துகிறார்கள், உண்மைதான். ஆனால் அவர்கள் மணல் வடிகட்டியில் விட்டு, குளோரின் போட்டு, அதை மறுபடி நீக்கிய பிறகுதான் குஞ்சு விடுகிறார்கள். வாரத்துக்கு 15 லிட்டர் வேண்டிய நமக்கு அந்தப் பாடு எதற்கு?

அடுத்த யோசனை கல் உப்பு. மரக்காணத்து உப்பளத்தில் கடல்நீரிலிருந்து எடுத்ததுதானே என்று கேட்பார்கள். உப்பளத்தில் நடப்பது என்னவென்றால், பாத்தியில் தண்ணீர் சுண்டச் சுண்ட முதலில் கால்சியம் ஜிப்சமாகப் படிந்துவிடும். பிறகுதான் சோறாக்கும் உப்பு விளையும். மக்னீசியம் கடைசிவரை தங்கும் கசப்பு நீரோடு வெளியே போய்விடும். ஆக வாரியெடுக்கும் உப்பு கிட்டத்தட்ட வெறும் சோடியம் குளோரைடு. பவளத்துக்கு வேண்டிய கால்சியமும் மக்னீசியமும் அந்த உப்போடு வருவதில்லை. அதனால்தான் ரெட் சீ, ட்ராபிக் மரின், இன்ஸ்டன்ட் ஓஷன் போன்ற தொட்டி உப்பு வேண்டும் என்கிறோம். முதலில் நிரப்ப ஐந்தரைக் கிலோ பிடிக்கும். பெரிய வாளியாக வாங்கிக் காற்றுப் புகாமல் மூடி வையுங்கள். நம் ஊர் ஈரக்காற்றில் பை உப்பு பத்தே நாளில் பாறையாகிவிடும்.

உப்பைக் கரைக்கும் தண்ணீர் சுத்தமாக இருக்க வேண்டும். கடலோரத் தெருக்களில் போர் தண்ணீரே உப்பேறியதாக இருக்கும். அது போக நைட்ரேட், சிலிக்கா எல்லாம் இருக்கலாம். ஆர்ஓ-வும், அதற்கப்புறம் மிச்சமுள்ள தாதுக்களையும் பிடித்துக்கொள்ளும் டிஐ ரெசினும் போட்ட யூனிட் வாங்குங்கள். சமையலறை ஆர்ஓ மட்டும் போதாது. பல மெஷின்களில் ருசிக்காகத் தாதுவைத் திரும்பக் கலக்கும் பகுதி இருக்கும். கேன் தண்ணீரும் அப்படியே. தண்ணீரில் கரைந்திருப்பதை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் பூஜ்யம் காட்ட வேண்டும். 5க்கு மேல் ஏற ஆரம்பித்தால் ரெசினை மாற்றுங்கள். ஆர்ஓ கழித்து விடும் தண்ணீரை வீணாக்காமல் டிரம்மில் பிடித்து வாசல் தெளிக்க, வண்டி கழுவ வைத்துக்கொள்ளலாம்.

கலப்பதற்கு மூடியுள்ள நீல டிரம் ஒன்று, பழைய பம்ப் ஒன்று. தண்ணீரை முதலில் பிடித்து, பம்பை ஓடவிட்டு, உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவுங்கள். உப்பின் மேல் தண்ணீரை ஊற்றினால் அடியில் வெள்ளையாகக் கட்டிக்கொண்டு கரையாமல் நின்றுவிடும். ஓர் இரவு சுற்றவிட்டுக் காலையில் உப்பளவு காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரில் பாருங்கள். 35, அல்லது அடர்த்தி அளவில் 1.026. அந்தக் கருவியையும் 35 என்று குறித்து விற்கும் கரைசலை வைத்துச் சரி செய்துகொள்ளுங்கள். வெறும் தண்ணீரில் சரி பார்த்தால் மேல் அளவில் தப்பு காட்டலாம். முள் ஆடும் மலிவான பிளாஸ்டிக் கருவி வேண்டாம். முள்ளில் ஒரு காற்றுக்குமிழி ஒட்டினாலே அளவு மாறிவிடும்.

சூடு

ரீஃப் தொட்டிக்கு 25, 26 டிகிரி. நம் கூடத்தில் ஏப்ரல் மாத மதியத்தில் அறைச் சூடே 34 இருக்கும். பம்பும் லைட்டும் தம் பங்குக்கு ஒன்றிரண்டு டிகிரி சேர்க்கும். தண்ணீர் 29ஐத் தாண்டினால் மென்பவளங்கள் (கல் கூடு கட்டாத பவளங்கள்) சுருங்க ஆரம்பிக்கும். 31இல் நாட்கணக்காக நின்றால், பவளத்தின் உடலுக்குள் குடியிருந்து உணவு தயாரித்துத் தரும் நுண்பாசி வெளியேறி, பவளம் வெளுத்துவிடும். சூடான தண்ணீரில் ஆக்சிஜனும் குறைவு. விடியற்காலையில் மீன்கள் மேல்மட்டத்தில் வாயைத் திறந்து திறந்து மூடுவது அதனால்தான்.

தண்ணீரின் மேல் ஃபேன் வைத்தால் போதுமே என்று சென்னைக்கு அந்தப் பக்கம் இருக்கிறவர்கள் சொல்வார்கள். ஃபேன் குளிர வைப்பது தண்ணீரை ஆவியாக்கித்தான். உலர்ந்த காற்றில் இரண்டு மூன்று டிகிரி இறங்கும். நம் ஊரில் மதியம் கடற்காற்று ஏறியதும் சட்டை முதுகில் ஒட்டுகிறதே, அந்தக் காற்றில் தண்ணீர் எங்கே ஆவியாகும்? தரைக்காற்று அடிக்கும் காலையில் வேலை செய்யும் ஃபேன், தேவைப்படும் நேரத்தில் கைவிட்டுவிடும். சில்லர் வாங்குங்கள். 1/10 எச்பி சில்லர் நிழலான, காற்றோட்டமான அறைக்குத்தான் தாங்கும். மொட்டைமாடிக்குக் கீழே உள்ள அறை என்றால் அதைவிட ஒரு சைஸ் பெரியது. வாங்கியதைக் கொண்டுபோய் ஸ்டாண்டுக்குள் வைத்துக் கதவை மூடாதீர்கள். அது வெளியே தள்ளும் சூட்டையே திரும்ப இழுத்து, நாள் முழுக்க ஓடும். வெளியே, சுவரிலிருந்து ஓரடி தள்ளி வையுங்கள். ஹீட்டர் நமக்குத் தேவையில்லை. மார்கழியில்கூட பம்ப் சூடே போதும்.

கரண்டு

உப்புத்தண்ணீர் கரண்டை நன்றாகவே கடத்தும். எனவே முதலில் பாதுகாப்பு: தொட்டிக்கென்று தனி லைன், கரண்டு கசிந்தால் தானே அணையும் 30 மில்லிஆம்ப் ஆர்சிசிபி சுவிட்ச், ஒழுங்கான எர்த். எல்லா ஒயரும் பிளக்குக்கு வருமுன் ஒருமுறை கீழே தொங்கி மேலே ஏற வேண்டும். ஒயர் வழியே வழியும் நீர் அந்தத் தொங்கலில் சொட்டிவிடும், பிளக்குக்குள் போகாது. தொட்டிக்குள் கை விடுமுன் பம்பையெல்லாம் அணைத்துவிடுங்கள்.

கரண்டு போனால் முதலில் தட்டுப்பாடாவது ஆக்சிஜன். இன்வெர்ட்டரில் வேவ்மேக்கரை (தொட்டிக்குள் நீரோட்டம் தரும் சின்ன பம்ப்) மட்டும் மாட்டி, அதன் வாயை மேல்மட்டம் நோக்கித் திருப்பி வைத்தால் தண்ணீர் புரண்டு காற்று கலக்கும். 10 வாட் இழுக்கும் வேவ்மேக்கர் 150 ஆம்ப்-அவர் பேட்டரியில் ஒரு நாளுக்கு மேல் தாங்கும். சைன் வேவ் இன்வெர்ட்டராகப் பாருங்கள், மலிவான ஸ்கொயர் வேவில் பம்ப் மோட்டார் உறுமும், சூடாகும். சில்லரை அதில் மாட்டாதீர்கள், பேட்டரியைக் குடித்துவிடும். இரண்டாவது பாதுகாப்பாக, சார்ஜ் ஏற்றி வைக்கும் ஏர் பம்ப் ஒன்று. விலை ஒன்றும் பெரிதில்லை.

கல், மணல், சட்டம்

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று படியுங்கள். கல் போன்ற கூடு கட்டும் கடின பவளங்கள் எல்லாமும், கருப்புப் பவளம், நெருப்புப் பவளம், ஆர்கன் பைப் பவளம், கடல் விசிறி, கடல்குதிரை, கடல் அட்டை ஆகியவையும் 2001 முதல் 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டவை. புலிக்கு இருக்கும் அதே அட்டவணை. மன்னார் வளைகுடாவிலிருந்து வந்தது என்று யாராவது பவளக்கல்லை மலிவாகக் காட்டினாலும், கடலூர் துறைமுகத்தில் வலையில் சிக்கிய கடல்குதிரையை நீட்டினாலும் தொடாதீர்கள். செத்த பவளத்துண்டும் அதே சட்டத்துக்குள்தான் வரும். 2022இல் சட்டம் திருத்தப்பட்ட பிறகு, சைட்டிஸ் என்னும் பன்னாட்டு உயிரின வணிக ஒப்பந்தத்தின் பட்டியலில் உள்ள வெளிநாட்டு உயிர்களை வைத்திருப்பதையும் அரசிடம் பதிவு செய்ய வேண்டும். "இது இம்போர்ட், பிரச்சினை இல்லை" என்று கடைக்காரர் சொன்னால் காகிதம் கேளுங்கள். காகிதம் இல்லையென்றால் கடையை மாற்றுங்கள். முதல் தொட்டிக்குக் கடின பவளமே வேண்டாம் என்பது என் கருத்து. மென்பவளங்களை மட்டும் வைத்தே தொட்டியை நிறைக்கலாம்.

கல்லுக்கு, தொட்டிக்கென்று செய்து விற்கும் பீங்கான் கல் அல்லது சிமென்ட் கலந்து வார்த்த செயற்கைக் கல் 15 கிலோ. இது வெறும் அலங்காரம் இல்லை. தொட்டியின் கழிவைத் தின்னும் பாக்டீரியா குடியிருப்பது அதன் துளைகளில்தான். கல்லை முதலில் அடிக்கண்ணாடியில் நேராக உட்கார வைத்து, ஆடாமல் எபாக்சியால் ஒட்டி, அதற்கப்புறம் மணலைப் பரப்புங்கள். மணல்மேல் கல்லை வைத்தால், வளை தோண்டும் கோபி மீனோ இறாலோ கீழே சுரண்டி, ஒருநாள் கல் சரிந்து கண்ணாடியில் மோதும். மணல் ஆரகனைட் வகை, அதாவது சுண்ணாம்பு மணல். கடற்கரையிலிருந்து அள்ளி வராதீர்கள். அது வேறு மணல், அழுக்கும் ஏராளம்.

பழக்குவது

உப்புத்தண்ணீர், கல், மணல், பம்ப், சில்லர் எல்லாம் ஓடுகின்றன. மீன் இல்லை. இனி நான்கு முதல் ஆறு வாரம் பொறுக்க வேண்டும். மீனின் கழிவிலிருந்து வரும் அம்மோனியா விஷம். அதைத் தின்று நைட்ரைட்டாக்கும் பாக்டீரியா ஒன்று, நைட்ரைட்டை நைட்ரேட்டாக்கும் பாக்டீரியா இன்னொன்று. இரண்டும் கல்லில் ஊன்றிக்கொள்ள வேண்டும். அதற்கு இரை வேண்டும். பெரிய மார்க்கெட்டில் புதிதாக வந்த இறால் ஒன்றை வாங்கி, நைலான் பையில் கட்டி உள்ளே தொங்கவிடுங்கள். அழுகட்டும். நாற்றம் அடிக்கும், வீட்டில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பாட்டிலில் வரும் பாக்டீரியாவையும் சேர்த்து ஊற்றினால் சற்று வேகமாகும்.

இரண்டு நாளைக்கொரு முறை டெஸ்ட் கிட்டில் பாருங்கள். 5 மி.லி. தண்ணீர் எடுத்து, சொன்ன அளவு சொட்டு விட்டு, குலுக்கி, ஐந்து நிமிடம் வைத்து, வெள்ளை அட்டையின் மேல் பிடித்து நிறத்தை ஒப்பிட வேண்டும். இதைத் தொட்டியின் நீல லைட்டுக்கு அடியில் நின்று செய்யாதீர்கள். மஞ்சளாக இருக்க வேண்டிய சோதனைக் குழாய் அந்த வெளிச்சத்தில் பச்சையாகத் தெரிந்து, இல்லாத அம்மோனியாவுக்குப் பயந்து தண்ணீரை மாற்றிக்கொண்டிருப்பீர்கள். வாசலுக்கு வந்து பகல் வெளிச்சத்தில் பாருங்கள். நைட்ரேட் டெஸ்டில் இரண்டாவது பாட்டிலை அரை நிமிடமாவது பலமாகக் குலுக்க வேண்டும், அடியில் மருந்து படிந்திருக்கும்.

முதல் வாரங்களில் அம்மோனியா ஏறும், பிறகு அது இறங்க இறங்க நைட்ரைட் ஏறும், கடைசியில் அதுவும் விழும். 2 பிபிஎம் (பத்து லட்சத்தில் 2 பங்கு) அளவுக்கு அம்மோனியா சேர்த்து, 24 மணி நேரத்தில் அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யம் என்று வந்தால் தொட்டி தயார். அப்போது நைட்ரேட் கூடியிருக்கும், பாதித் தண்ணீரை மாற்றுங்கள். இந்த வாரங்களில் லைட் போடவே வேண்டாம். லைட் போட ஆரம்பித்ததும் மணலில் பழுப்பாக ஒரு படிவு வரும். பதற வேண்டாம், தானாகப் போகும். அப்போதுதான் நத்தைகளை விடலாம். டர்போ, ட்ரோக்கஸ் வகைகள் கண்ணாடியையும் கல்லையும் மேய்ந்து வைக்கும்.

மீன்

முதல் மீன் கோமாளி மீன்தான், அதுவும் தொட்டியிலேயே பொரித்து வளர்த்தது. நம் பக்கத்திலேயே, பரங்கிப்பேட்டையில் வெள்ளாற்று முகத்துவாரத்தில் இருக்கும் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையத்தில் கோமாளி மீன்களை இனப்பெருக்கம் செய்து வளர்த்திருக்கிறார்கள். கடலில் பிடித்த மீன் வந்து சேரும்போதே பாதி உயிராக இருக்கும், குருணைத் தீனியைத் திரும்பியும் பார்க்காது. பொரித்து வளர்த்தது முதல் நாளே சாப்பிடும். ஒன்று சற்றுப் பெரிது, ஒன்று சிறிது என்று இரண்டு குட்டிகளாக வாங்குங்கள். கோமாளி மீன்கள் எல்லாம் ஆணாகவே தொடங்குகின்றன. இரண்டில் பெரியது பெண்ணாக மாறி ஜோடியாகிவிடும். ஒரே அளவில் இரண்டு வாங்கினால் யார் பெரியவர் என்ற சண்டை நாள் கணக்கில் நீளும்.

கடல் சாமந்தி (அனிமோன்) இல்லாமல் கோமாளி மீன் வாழாது என்று சொல்வது சரியல்ல, நன்றாகவே வாழும். கடல் சாமந்தியை ஓராண்டு முதிர்ந்த தொட்டியில்தான் வைக்க வேண்டும். அது இடம்விட்டு நகரும், நகர்ந்துபோய் வேவ்மேக்கரில் சிக்கி அரைபட்டால் ஒரே இரவில் தொட்டி முழுக்கக் கெட்டுவிடும்.

கோமாளிக்குப் பிறகு மூன்று நான்கு வாரம் விட்டு ஃபயர்ஃபிஷ் ஒன்று, இன்னும் சில வாரம் கழித்து சின்ன கோபி ஒன்று. 150 லிட்டருக்கு இந்த நாலே போதும். நீல டேங் மீன் ஆறடித் தொட்டி கேட்கும். மாண்டரின் கல்லில் ஊரும் மிகச்சிறிய ஓட்டுடலிகளைத்தான் பெரும்பாலும் பொறுக்கித் தின்னும், புதுத் தொட்டியில் பட்டினி கிடந்து சாகும். டாம்செல் மலிவு, ஆனால் அடுத்து வரும் எல்லா மீனையும் விரட்டி விரட்டிக் கடிக்கும். பிறகு அதைப் பிடிக்க மொத்தக் கல்லையும் பிரிக்க வேண்டிவரும்.

சென்னை கொளத்தூரிலிருந்து வாங்கி வருகிறவர்கள் மாலைக்கு மேல் கிளம்புங்கள். ஆக்சிஜன் அடித்த பை, தெர்மாகோல் பெட்டி. கார் டிக்கியில் வைக்காதீர்கள். வீட்டுக்கு வந்ததும் பையை 20 நிமிடம் தண்ணீரில் மிதக்கவிட்டு, பிறகு வாளியில் மாற்றி, மெல்லிய குழாயில் முடிச்சுப் போட்டு, தொட்டித் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக அரை மணி நேரம் விடுங்கள். மீனை மட்டும் வலையில் எடுத்து விடுங்கள். பைத் தண்ணீர் சாக்கடைக்கு.

முடிந்தால் முதலில் ஒரு மாதம் தனித்தொட்டியில் வையுங்கள். கடல்மீன் வெண்புள்ளி நோய் உள்ளே வந்துவிட்டால், அதைக் கொல்லும் தாமிர மருந்து நத்தை, இறால், பவளம் எல்லாவற்றையும் சேர்த்துக் கொன்றுவிடும். அதனால் தாமிரம் பெரிய தொட்டிக்குள் ஒருபோதும் கூடாது. அப்புறம் வழி ஒன்றுதான்: எல்லா மீனையும் வெளியே எடுத்து மருந்து பார்த்து, தொட்டியை 76 நாள் மீனில்லாமல் விட வேண்டும். அதற்கு ஒரு மாதத் தனித்தொட்டி எவ்வளவோ மேல்.

மென்பவளம்

மூன்றாம் மாதத்துக்கு முன் வேண்டாம். காளான் பவளமும் தோல் பவளமும் முதலில் வைக்க ஏற்றவை. கொஞ்சம் நைட்ரேட் இருந்தாலும் பொருட்படுத்தாது, 5 முதல் 15 பிபிஎம் வரை நல்லதுதான். பூஜ்யமாக்க வேண்டும் என்று போராடாதீர்கள், பவளம் பட்டினி கிடக்கும். லைட்டை முதல் வாரம் பாதி அளவில், 6 மணி நேரம் வைத்து, மெதுவாக 8 மணி நேரத்துக்குக் கொண்டுபோங்கள். புதிதாக வந்ததை அடியில் வைத்து, விரிந்த பிறகு மேலே ஏற்றலாம். தோல் பவளம் சில நாட்கள் சுருங்கி, மெழுகுத்தோல் போர்த்திக்கொண்டு நிற்கும். செத்துவிட்டது என்று எடுத்துப் போட்டுவிடாதீர்கள். தோலை உரித்துவிட்டு மறுபடி விரியும்.

ஜோவாந்திட் என்னும் பொத்தான் பவளம் நிறம் நிறமாக அழகாக இருக்கும். அதில் சில வகைகளில் பாலிடாக்சின் என்ற கொடிய நஞ்சு உண்டு. கையுறை, கண்ணாடி இல்லாமல் அதை வெட்டவோ தேய்க்கவோ கூடாது. அது ஒட்டிய கல்லை வெந்நீரில் போட்டு அலசினால் ஆவியிலேயே வீட்டில் எல்லாரும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிவரும். குழந்தைகள் கையை விடும் வீடென்றால் வாங்காமலே இருக்கலாம்.

அன்றாட வேலை

தண்ணீர் ஆவியாகும்போது உப்பு தங்கிவிடும். தினம் 2 லிட்டர் குறைகிறது, வாரக் கடைசியில் ஊற்றிக்கொள்ளலாம் என்று விட்டால் 35 இருந்த உப்பு 38ஐத் தாண்டிவிடும். எனவே தினமும், உப்பில்லாத ஆர்ஓ தண்ணீரைத்தான் ஊற்ற வேண்டும். வெளியூர் போகிறவர் என்றால் தானாக ஊற்றும் கருவி வாங்கிவிடுங்கள். வாரம் ஒருமுறை 15 லிட்டர் உப்புத்தண்ணீர் மாற்றம், அதே சூட்டில், அதே உப்பில். ஸ்கிம்மர் கோப்பையில் சேரும் கருஞ்சாறை இரண்டு மூன்று நாளைக்கொரு முறை கொட்டிக் கழுவுங்கள்; கழுத்தில் வழவழப்பு படிந்தால் நுரை ஏறாது. தீனி இரண்டு நிமிடத்தில் தீரும் அளவு, அவ்வளவுதான். வீட்டுக்கு வரும் விருந்தாளி ஒவ்வொருவரும் ஒரு சிட்டிகை போட ஆசைப்படுவார்கள். டப்பாவை ஒளித்து வையுங்கள்.

ஐப்பசி பிறந்ததும் வேறு ஏற்பாடு. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையில் கரையேறியபோது பல ஊர்களில் கரண்டு திரும்ப நாட்கணக்கானது. 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் வந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது, தரைத்தள வீடுகளுக்குள் தண்ணீர் வந்தது. எனவே தரையில் கிடக்கும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸைச் சுவரில் மூன்றடி உயரத்துக்கு ஏற்றிவிடுங்கள். எச்சரிக்கை வந்ததும் 40 லிட்டர் உப்புத்தண்ணீர் கலந்து, மூடி போட்டு வையுங்கள். ஏர் பம்ப், இன்வெர்ட்டர் இரண்டுக்கும் முழு சார்ஜ். ஸ்கிம்மர் கோப்பையைக் கழுவிவிடுங்கள். புயலுக்கு முந்தின நாளிலிருந்தே தீனியை நிறுத்துங்கள். நல்ல நிலையில் இருக்கும் மீன் மூன்று நான்கு நாள் சாப்பிடாமல் தாங்கும். வயிறு காலியாக இருந்தால் தண்ணீரும் அவ்வளவு சீக்கிரம் கெடாது. கரண்டு வந்ததும் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் போடாமல், முதலில் பம்ப், தண்ணீர் சீராகச் சுற்றத் தொடங்கியதும் ஸ்கிம்மர், சில்லர், மறுநாள் லைட் என்று போடுங்கள். அன்றைக்கே அம்மோனியா டெஸ்ட் ஒன்று. நிறம் மஞ்சளாக இல்லையென்றால் டிரம்மில் இருக்கும் 40 லிட்டரையும் மாற்றிவிடுங்கள்.